திருமறைக்கு ஓர் எழுத்து, அன்றாடத்திற்கு ஓர் எழுத்து: மோசே பென் மைமோனின் வாழ்வும் செபார்தி விரைவெழுத்தும்

எபிரேயத்தில் மோசே பென் மைமோன் என்றும், அரபு மொழியில் மூசா இப்னு மைமூன் என்றும், ஐரோப்பிய மரபில் மைமோனிடிஸ் என்றும் வழங்கப்பெறுபவர் இடைக்கால யூத மரபின் தலைமைச் சட்ட நூலாசிரியர், மெய்யியலறிஞர், எகிப்திய அரசவை சார்ந்த மருத்துவர். இன்று அவருடைய முகம் என்று நூல்களில் அச்சிடப்பெறும் படம் 18ஆம் நூற்றாண்டில் புழக்கத்திற்கு வந்தது. அது அவர் முகம் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அவருடைய கையெழுத்து உள்ளது. ஒன்றிரண்டு ஒப்பங்களாக மட்டும் அன்று. அடித்தும் திருத்தியும் ஓரங்களில் சேர்த்தும் எழுதப்பட்ட முழுத் தொகுதிகளாகவே அது எஞ்சியுள்ளது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவருக்கு இவ்வளவு தற்கைப்படிகள் கிடைத்திருப்பது எந்த மொழியிலும் அரிது.

அவர் எழுதிய எழுத்து செபார்தி விரைவெழுத்து. செபாராது என்பது ஐபீரியத் தீவக்குறைக்கு யூதர் வழங்கிய பெயர். அங்கிருந்து வந்தவர் செபார்தியர். பிற்காலத்தில் உதுமானியப் பேரரசின் நகரங்களில் சொலித்ரேயோ என்று பெயர் பெற்ற கையெழுத்து முறைக்கு இதுவே முன்னோடி. மைமோனிடிசின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் இவ்வெழுத்தை நூலகக் காட்சிப்பொருளாக ஒரு வரியில் குறிப்பிட்டு நகர்ந்துவிடுகின்றன. அவரோ தாம் எழுதிய எழுத்தைப் பற்றிச் சட்ட நோக்கில் சிந்தித்தவர். அது ஏன் அவ்வடிவம் பெற்றது என்பதற்குத் தீர்ப்பே எழுதியவர். அத்தீர்ப்பை நடுவில் வைத்துப் பார்க்கும்போது அவருடைய புலம்பெயர்வும் நூலாக்க முறையும் வேறொரு தெளிவு பெறுகின்றன.

குர்துபாவில் பிறந்த எழுத்து

மோசே, தென் எசுப்பானியத்தின் குர்துபா நகரில் பிறந்தார். மரபு 1135ஆம் ஆண்டைக் கூறும். தம் மிஷ்னா உரையின் இறுதியில் அவரே தரும் வயதுக் கணக்கு 1138ஐச் சுட்டுவதால் ஆய்வாளர் பலர் பின்னதையே ஏற்பர். தந்தை மைமோன் அந்நகர யூத சமூகத்தின் நீதிபதி. தம் முன்னோரை ஏழு தலைமுறை வரை பெயர் சொல்லி வரிசைப்படுத்தும் வழக்கம் மோசேயிடம் இருந்தது. அவருள் பலர் நீதிபதிகள்.

அந்நாளில் எபிரேய எழுத்து மூன்று நிலைகளில் வழங்கியது. முதலாவது சதுர எழுத்து. கட்டமைந்த வடிவும் தனித்து நிற்கும் உறுப்புகளும் உடைய இது, திருமறைச் சுருள்களுக்கும் சிறப்புப் படிகளுக்கும் உரியது. இரண்டாவது நூற்படிகளுக்குப் பயன்பட்ட இடைநிலை எழுத்து. மூன்றாவது மடல், கணக்கு, வரைவு ஆகியவற்றிற்கான விரைவெழுத்து. இம்மூன்றும் யூதர் வாழ்ந்த நாட்டுக்கு நாடு வேறுபட்டன. வட ஐரோப்பாவில் இறகுக்கோலால் எழுதிய அஷ்கெனாசியரின் எழுத்தில் தடித்த கோடும் மெல்லிய கோடும் கூர்மையாக மாறிமாறி வரும். முசுலிம் எசுப்பானியத்தின் யூதரோ அரபு எழுத்தரைப் போல நாணற்கோலைக் கையாண்டனர். ஆதலால் அவர்தம் விரைவெழுத்தில் கோடுகள் ஏறத்தாழ ஒரே தடிப்பில் வளைந்து ஓடுகின்றன; கோணங்கள் மழுங்குகின்றன; எழுத்தோடு எழுத்து பிணைகிறது. ஆலெஃப், லாமெத் ஆகிய இரண்டும் ஒரே உருவாகக் கூடும் கூட்டெழுத்து இதில் மிகுதி. எபிரேயம் அறியாதார் சற்றுத் தொலைவிலிருந்து இப்பக்கங்களைப் பார்த்தால் அரபு எழுத்து என்றே மயங்கக்கூடும்.

மொழியும் அவ்வாறே. அந்த யூதர் பேசியதும் அறிவியல் எழுதியதும் அரபு மொழியில். எழுதிய எழுத்து எபிரேயம். இவ்வகை எழுத்து வழக்கு யூத அரபு எனப்படும். சிறுவன் மோசே கற்றது இந்த எழுத்தை. கற்ற இடம் அந்த நகரம்.

1148இல் அல்மொஹாதுகள் குர்துபாவைக் கைப்பற்றினர். யூதருக்கும் கிறித்தவருக்கும் அதுவரை இருந்த பாதுகாப்பு நிலை நீங்கியது. மைமோன் குடும்பம் ஊரைவிட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் அலைந்தது. 1160 அளவில் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் தங்கியது. அதுவும் அல்மொஹாது ஆட்சிக்கு உட்பட்ட நகரே என்பது இவ்வரலாற்றின் விளங்காப் புதிர்களுள் ஒன்று. 1165ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அங்கிருந்து கப்பலேறியது. நடுக்கடலில் கடும்புயல். அக்குடும்பம் உயிர் தப்பி அக்கோ துறைமுகத்தை அடைந்தது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் எருசலேமையும் எபிரோனையும் தரிசித்தபின் எகிப்துக்குச் சென்று, கெய்ரோவை அடுத்த பழைய நகரான ஃபுஸ்தாத்தில் நிலைகொண்டது.

இந்த அலைச்சலுக்கு நடுவேதான் அவருடைய முதற்பெருநூல் உருவாயிற்று. யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா ஆறு பெரும்பகுதிகளைக் கொண்டது, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்டது. அதன் முழுமைக்கும் யூத அரபில் உரை எழுதும் பணியை இருபத்து மூன்றாம் வயதில் தொடங்கி முப்பதாம் வயதில் எகிப்தில் முடித்தார். சில பகுதிகளைத் தரைவழிப் பயணத்தின் தங்கல்களிலும் சிலவற்றைக் கப்பலிலும் எழுதியதாகப் பிழை பொறுக்க வேண்டும் இடத்தில் அவரே பதிவு செய்கிறார். விரைவெழுத்தின் பயன் இங்கே கண்கூடு. ஆடும் மரக்கலத்தில் எவரும் சதுர எழுத்தைக் கட்டிக்கட்டி எழுதியிருக்க இயலாது.

எகிப்தில் அயலான் கை

ஃபுஸ்தாத்தின் யூத எழுத்தர் கீழ்த்திசை மரபில் எழுதினர். அவ்வெழுத்துக்கும் மேற்கிலிருந்து வந்த செபார்தி எழுத்துக்கும் வேறுபாடு முதற்பார்வையிலேயே புலனாகும். மோசே எகிப்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கேயே மணந்தார், அங்கேயே சமூகத் தலைமை ஏற்றார், உள்ளூர் வழக்குகள் பலவற்றுக்குத் தீர்ப்பு அளித்தார். ஆயினும் கையை மாற்றிக்கொள்ளவில்லை. தம் பெயருடன் செபார்தி என்னும் அடைமொழியைச் சேர்த்து எழுதுவதையும் விடவில்லை. அடைமொழியை நினைவோடு சேர்க்கலாம். கை நினைவின்றியே ஓடும். இரண்டும் ஒரே திசையைக் காட்டுவதால் அவர் தம்மை இறுதிவரை அந்தலூசியராகவே கருதினார் என்று கொள்வதற்கு இடம் உண்டு.

அவர் குடியேறிய நேரம் எகிப்துக்கு நல்ல நேரம் அன்று. 1168இல் எருசலேமின் சிலுவைப்போர் மன்னன் அமல்ரிக் நைல் கழிமுகப் பகுதியின் பில்பைஸ் நகரைக் கைப்பற்றி மக்களைச் சிறைப்பிடித்தான். அவருள் யூதரும் இருந்தனர். பகைவர் கையில் சிக்காதிருக்க அதே ஆண்டு ஃபுஸ்தாத் நகருக்கு எகிப்திய அமைச்சரே தீயிட்டார். சிறைப்பட்டோரை மீட்கப் பொருள் திரட்டும் பணியை மோசே முன்னின்று நடத்தினார். ஊர்தோறும் சென்ற வேண்டுகோள் மடலொன்று அவருடைய ஒப்பத்துடன் 1169இலிருந்து எஞ்சியுள்ளது. வந்து சில ஆண்டுகளே ஆன, முப்பதைச் சற்றே கடந்த ஒருவரின் எழுத்துக்கு மக்கள் பணம் கொடுத்தனர் என்பதையும் அந்த ஏடு உணர்த்துகிறது.

இத்தகைய ஏடுகள் பிழைத்ததற்குக் காரணம் ஒரு வழக்கம். இறைவன் பெயர் இருக்கக்கூடிய எழுத்துத் தாளை யூதர் எரிப்பதும் எறிவதும் இல்லை. ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அவ்வாறு ஒதுக்கிய தாள்களுக்கென ஓர் அறை இருந்தது. கெய்ரோ கெனிசா என்று அறியப்படும் அவ்வறையிலிருந்து 1896-97இல் சாலமன் ஷெக்டர் ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்சுக்குக் கொண்டுவந்தார். மடல்கள், வணிகக் கணக்குகள், மணவொப்பந்தங்கள், பள்ளிப்பிள்ளைகளின் பயிற்சித் தாள்கள் எனக் குவிந்துகிடந்தவற்றின் நடுவே, கீழ்த்திசை எழுத்துகளுக்கிடையில் தனித்துத் தெரிந்த செபார்தி விரைவெழுத்துத் துண்டுகள் பல மோசேயுடையவை என அடையாளம் காணப்பட்டன.

தம்பியின் கையெழுத்து

அவருடைய இளவல் தாவீது. கல்வியிற் சிறந்த அவரே வணிகத்தை ஏற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். அவர் தேடிய பொருளில் அண்ணன் கவலையின்றி நூலெழுதினார். கெனிசாவில் கிடைத்த மடலொன்று, செங்கடற்கரைத் துறையான அய்தாபிலிருந்து தாவீது அண்ணனுக்கு எழுதியது. இன்று கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. நைல் கரையிலிருந்து பாலைவனத்தைப் பெரிய வணிகக்கூட்டத்தோடு சேராமல் ஒரு துணையுடன் மட்டும் கடந்ததையும், பின்வந்த கூட்டத்தினர் கொள்ளைக்கும் சாவுக்கும் ஆளானதையும், அத்துறையில் வாங்கத்தக்க சரக்கு இல்லாமையால் இந்தியாவுக்குக் கப்பலேற முடிவு செய்ததையும் அதில் தெரிவிக்கிறார். தம் மனைவியைத் தேற்றுமாறு வேண்டுகிறார். அந்நூற்றாண்டில் ஃபுஸ்தாத் யூத வணிகர் ஏடன் வழியாக மலபார்க் கரைக்குச் சென்று மிளகு முதலிய சரக்கு கொண்டுவருவது வழக்கமே. மங்களூரில் ஆண்டுக்கணக்கில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் இஜூ போன்றோரின் தாள்களும் அதே கெனிசாவில் உள்ளன.

தாவீது இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். அவருடன் அவருடையதும் அண்ணனுடையதும் பிறருடையதுமான பொருளும் மூழ்கியது. மனைவியும் ஒரு சிறுமகளும் மோசேயின் பொறுப்பில் எஞ்சினர். செய்தி கேட்ட மோசே ஏறத்தாழ ஓராண்டு காய்ச்சலும் மனச்சோர்வுமாகப் படுக்கையில் கிடந்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அக்கோவிலிருந்த யாப்பேத் என்னும் நண்பருக்கு எழுதிய மடலில் தம் துயரம் தணியவில்லை என்கிறார். தம்பியின் கையெழுத்தையோ மடல் ஒன்றையோ காணும்போதெல்லாம் உள்ளம் புரண்டு துன்பம் மீண்டும் விழித்தெழுவதாகச் சொல்கிறார். எழுதியவன் மறைந்தபின் எழுத்து எஞ்சுவதன் கொடுமையை அவர் அறிந்திருந்தார். மெய்யியலாளராக உணர்ச்சியைக் கட்டுப்படுத்தக் கற்பித்தவரின் எழுத்துகளில் இந்த ஒரு மடல் தனித்து நிற்கிறது.

இதன் பின்னரே மருத்துவம் அவருக்குப் பிழைப்பாயிற்று. சலாதீனின் அமைச்சர் அல்-ஃபாதிலின் ஆதரவு கிட்டியது. பின்னர்ச் சலாதீனின் மகன் அல்-அஃப்தலுக்கும் மருத்துவரானார். ஈளைநோய் பற்றியும் நஞ்சுமுறிவு பற்றியும் அவர் இயற்றிய நூல்கள் இக்காலத்தவை.

போர்வையும் தீர்ப்பும்

பல ஊர்களிலிருந்தும் சட்ட வினாக்கள் அவரிடம் வந்தன. விடைகள் நானூற்றுக்கும் மேல் கிடைத்துள்ளன. வினா எழுதிய தாளின் அடியிலேயே விரைவெழுத்தில் விடை எழுதி, மோசே எழுதினான் என்னும் பொருள்படும் இரு எபிரேயச் சொற்களால் முடிப்பது அவர் முறை. அவற்றுள் ஒன்று எழுத்தைப் பற்றியது. தொழுகைப் போர்வையில் திருமறை வரிகளைச் சதுர எழுத்தில் பொறித்து அணிசெய்யலாமா என்பது வினா.

கூடாது என்பது விடை. திருமறை எழுதப்படும் எழுத்துக்கு ஒரு தூய்மை உண்டு. ஆகவே அதனைத் திருமறைக்கு மட்டுமே உரியதாக வைத்திருக்க வேண்டும். அன்றாட அலுவல்களுக்கு அதனைப் பயன்படுத்துவது முறையன்று என்று அவர் கருதினார். இக்கருத்துக்குச் சான்றாகத் தம் நாட்டு வழக்கைக் காட்டுகிறார். செபார்தியர் தம் எழுத்தின் வடிவங்களை மாற்றி, அது வேறோர் எழுத்தே என்று சொல்லும் அளவுக்கு வேறுபடுத்திக்கொண்டது இதற்காகவே என்றும், அதனால்தான் அதனைப் பொது அலுவல்களுக்கு எழுதுவது அவர்களுக்கு இயல்வதாயிற்று என்றும் விளக்குகிறார்.

எழுத்து வரலாற்று நோக்கில் இவ்விளக்கம் முழுவதும் ஏற்கத்தக்கது அன்று. விரைவும் நாணற்கோலும் அரபு எழுத்தின் அருகாமையுமே அவ்வடிவங்களை உருவாக்கின என்பது தெளிவு. எவரும் கூடிப் பேசி எழுத்தைத் திரித்ததற்குச் சான்று இல்லை. எனினும் வரலாறு எப்படியாயினும், அவ்வெழுத்தை எழுதிய ஒருவர் அதற்கு என்ன பொருள் கண்டார் என்பது இங்கே முதன்மையானது. பிறர் சோம்பலின் விளைவாகவோ அவசரத்தின் விளைவாகவோ கண்ட சிதைவை அவர் மதிப்பின் விளைவாகக் கண்டார். திருமறை எழுத்தை அன்றாடத்தின் அழுக்கிலிருந்து காக்கும் வேலியாக அவருக்கு இவ்விரைவெழுத்து அமைந்தது. எகிப்தில் அவர் கையை மாற்றாமைக்குப் பழக்கமும் ஊர்ப்பற்றும் காரணங்கள் ஆகலாம். இக்கொள்கையும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இக்கொள்கையின் மறுபக்கம் அவருடைய சட்டப் பேரகராதி போன்ற மிஷ்னே தோராவில் உள்ளது. பதினான்கு நூல்களாக எபிரேயத்தில் அமைந்த இத்தொகுப்பை ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பில் 1177-78 அளவில் முடித்தார். இரண்டாவது நூலில் திருமறைச் சுருள் எழுதும் விதிகள் வருகின்றன. ஒவ்வோர் எழுத்தையும் சுற்றித் தோல் வெறுமையாக இருத்தல் வேண்டும். எழுத்தோடு எழுத்து ஒட்டலாகாது. பத்தி இடைவெளிகள் மரபுப்படி அமைதல் வேண்டும். அவ்விடைவெளிகளை நிறுவ அந்நாளில் எகிப்தில் இருந்த பென் ஆஷெர் திருத்திய புகழ்பெற்ற மறைப்படியைத் தாம் பின்பற்றியதாகவும், அதனைக் கொண்டு தாமே ஒரு திருமறைச் சுருள் எழுதியதாகவும் குறிப்பிடுகிறார். அச்சுருள் கிடைக்கவில்லை. சதுர எழுத்தில் பொறுமையாக நின்று எழுதிய அக்கையை இனிக் காண வழியில்லை. நமக்குக் கிடைத்திருப்பது எழுத்துகள் ஒன்றோடொன்று பிணையும் மற்றக் கை.

வரைவுகள்

மிஷ்னே தோராவின் நடை, திருத்தம் வேண்டாத தெளிவுக்குப் பெயர்போனது. இதனால் அந்நூல் ஒரே மூச்சில் எழுதப்பட்டது போன்ற எண்ணம் எழுவது இயல்பு. கெனிசாவில் கிடைத்த வரைவுத்தாள்கள் இவ்வெண்ணத்தைக் கலைக்கின்றன. உரிமையியல் சட்டங்கள் பற்றிய பகுதிகளின் அவ்வரைவுகளில் வரிகள் அடிக்கப்பட்டுள்ளன, சொல்வரிசை மாற்றப்பட்டுள்ளது, ஒரு விதி எழுதி நீக்கப்பட்டு வேறிடம் சென்றுள்ளது. விரைவெழுத்தின் ஓட்டம் எண்ணத்தின் ஓட்டத்தோடு ஏறத்தாழ இணையாகச் செல்வதால், எங்கே அவர் தயங்கினார், எங்கே விரைந்தார் என்பதைக்கூடக் கோட்டின் போக்கில் உய்த்துணர முடிகிறது.

மிஷ்னா உரையின் தற்கைப்படி இதனினும் நுட்பமானது. அது வரைவன்று, படியெடுத்து நேர்செய்த செம்படி. ஆயினும் அவர் அதனை முடிந்த நூலாகக் கருதவில்லை. பல ஆண்டுகள் வரை அதே பக்கங்களில் அடித்தும் ஓரத்தில் எழுதியும் தம் முந்தைய கருத்துகளைத் திருத்தியிருக்கிறார். உரை ஊரெங்கும் பரவியபின் செய்த திருத்தங்கள் இவை. எனவே பழைய கருத்தைத் தாங்கிய படிகள் ஒருபுறமும் புதிய கருத்தைத் தாங்கிய படிகள் மறுபுறமுமாகச் சுவடி மரபு கிளைத்தது. இன்று பதிப்பாசிரியர் ஒருவர் பாடவேறுபாடு என்று அடிக்குறிப்பில் தள்ளுவது சில இடங்களில் ஆசிரியரின் இளமைக்கும் முதுமைக்கும் இடைப்பட்ட வேறுபாடேயாகும்.

தம் நூல் பிறர் கையில் பிழைபடுவதை அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதற்கு ஆக்சுபோர்டு போட்லியன் நூலகத்தின் ஹண்டிங்டன் 80 என்னும் சுவடி சான்று. மிஷ்னே தோராவின் முதல் இரு நூல்களை எழுத்தர் ஒருவர் படியெடுத்தது அது. அதன் இறுதியில், இப்படி தம் சொந்த நூலோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டது என்று மோசே தம் கைப்பட உறுதி கூறி ஒப்பமிட்டுள்ளார். எழுத்தரின் ஒழுங்கான வரிகளுக்குக் கீழே ஆசிரியரின் விரைவெழுத்து வரிகள் சில. திருமறைச் சுருளின் எழுத்து எப்படி இருத்தல் வேண்டும் என்ற விதிகள் அடங்கிய அதே சுவடியில், அவ்விதிகளை வகுத்தவரின் அன்றாட எழுத்து சாட்சியாக நிற்கிறது.

மெய்யியற் பெருநூலான திகைத்தோர்க்கு வழிகாட்டி 1190 அளவில் நிறைவுற்றது. யூத அரபில் எழுதிய அதனை, அலெப்போவுக்குச் சென்றுவிட்ட தம் மாணவர் யோசேப்புக்குப் பகுதி பகுதியாக அனுப்பினார். கெய்ரோவில் அவரைக் கண்ட பக்தாது அறிஞர் அப்துல் லதீஃப் அவரைப் பற்றி விட்டுச்சென்ற குறிப்பில், எபிரேய எழுத்தல்லாத வேறெழுத்தில் அந்நூலை எழுதுவோரை அவர் சபித்ததாகக் கூறுகிறார். அப்துல் லதீஃபுக்கு அந்நூல் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே இக்குறிப்பை மதிப்பிட வேண்டும். ஆனால் எழுத்தைக் காவலாகக் காணும் போக்கு மேற்கண்ட தீர்ப்போடு பொருந்திவருகிறது. அங்கே ஓர் எழுத்து திருமறையைக் காத்தது. இங்கே ஓர் எழுத்து அரபு மொழியில் அமைந்த நூலை, அரபு எழுத்து மட்டும் அறிந்தோரிடமிருந்து மறைத்தது.

1199இல் தென் பிரான்சின் அறிஞர் சாமுவேல் இப்னு திப்போனுக்கு எழுதிய மடலில் தம் ஒரு நாளை விவரிக்கிறார். காலையில் ஃபுஸ்தாத்திலிருந்து கெய்ரோ அரண்மனைக்குப் பயணம். நண்பகலுக்குப்பின் பசியோடு வீடு திரும்பினால் முற்றம் நிறைய யூதரும் அயலாருமான நோயாளிகள். சிற்றுணவுக்குப்பின் இரவு வரை மருந்துச்சீட்டு. களைப்பால் படுத்தபடியே அவர்களோடு பேச்சு. ஆதலால் நேரில் வந்து பார்க்க விரும்பிய இப்னு திப்போனைப் பயன் கருதி வரவேண்டாம் என்கிறார். வழிகாட்டியை எபிரேயத்தில் பெயர்த்துக்கொண்டிருந்த அவருக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைத் தவிர்த்துப் பொருளை முதலில் முழுதும் உள்வாங்குமாறும் அறிவுறுத்துகிறார். அம்மொழிபெயர்ப்பு 1204இன் இறுதியில் முற்றுப்பெற்றது. சில நாள்களில், அவ்வாண்டு டிசம்பர் 13ஆம் நாள், மோசே மறைந்தார். மரபுப்படி அவர் கல்லறை திபேரியாவில் உள்ளது.

ஏடுகளின் பயணம்

அவருடைய ஒரே மகன் ஆபிரகாம் (1186-1237) முதலாக வழித்தோன்றல்கள் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் எகிப்திய யூதருக்குத் தலைமை தாங்கினர். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வழியில் வந்த தாவீது என்பவர் அலெப்போவுக்குப் பெயர்ந்தபோது குடும்ப ஏடுகளும் உடன் சென்றன. 1630களில் அலெப்போவில் ஆங்கில வணிகருக்குச் சமயகுருவாக இருந்த எட்வர்டு பொக்காக் மிஷ்னா உரையின் ஒரு தொகுதியைப் பெற்றார். அதிலிருந்து சில பகுதிகளை 1655இல் இலத்தீன் மொழிபெயர்ப்புடன் ஆக்சுபோர்டில் எபிரேய அச்செழுத்தில் வெளியிட்டார். அதே பதவியில் பின்னர் இருந்த இராபர்ட் ஹண்டிங்டன் மற்றொரு தொகுதியைப் பெற்றார். இரண்டும் இன்று போட்லியனில் உள்ளன. வேறிரு பகுதிகள், பம்பாயில் பிறந்த சுவடித் தொகுப்பாளர் தாவீது சாலமன் சாசூனின் கைக்கு வந்து, பின் எருசலேமின் தேசிய நூலகத்தை அடைந்தன.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இவை உண்மையில் ஆசிரியரின் தற்கைப்படிகளா என்னும் ஐயம் அறிஞர் சிலரால் கிளப்பப்பட்டது. விடை கெனிசாவிலிருந்தே கிடைத்தது. அங்கே வரைவாகவும் ஒப்பமிட்ட விடைத்தீர்ப்பாகவும் கிடைத்த கையும் இத்தொகுதிகளின் கையும் ஒன்றே என்பதை எஸ். எம். ஸ்டெர்ன் முதலியோர் நிறுவினர். எதையும் காக்க எண்ணாமல் ஒதுக்கப்பட்ட தாள்கள், தலைமுறைகளாகக் காக்கப்பட்ட நூலுக்குச் சான்றளித்தன.

அவ்வெழுத்தின் பிற்கால வரலாறு வேறு வழியில் சென்றது. 1475இல் தென் இத்தாலியின் ரெஜ்ஜோ நகரில், பிரான்சு நாட்டு உரையாசிரியர் ராஷியின் உரை செபார்தி இடைநிலை எழுத்தைப் பின்பற்றிய அச்சில் வெளிவந்தது. அதனால் அவ்வடிவம் ராஷி எழுத்து என்று பெயர் பெற்றது. ராஷி தம் வாழ்நாளில் அதில் ஒரு வரியும் எழுதியவர் அல்லர். 1492இல் எசுப்பானியத்திலிருந்து துரத்தப்பட்ட யூதர் தெசலோனிக்கா, இசுதான்புல், இசுமிர் முதலிய நகரங்களுக்கு விரைவெழுத்தையும் கொண்டுசென்றனர். அங்கே தம் எசுப்பானிய மொழியான லடினோவை அதில் எழுதினர். சொலித்ரேயோ என்று பெயர்பெற்ற அவ்வெழுத்து மடலுக்கும் கடைக்கணக்குக்கும் 20ஆம் நூற்றாண்டு வரை பயன்பட்டது. துருக்கி 1928இல் இலத்தீன் எழுத்துக்கு மாறியதும், 1943இல் தெசலோனிக்கா யூதர் ஆஷ்விட்சுக்கு அனுப்பிக் கொல்லப்பட்டதும் அதனை எழுதுவோரை ஏறத்தாழ இல்லாமலாக்கின. இன்று இசுரேலில் எழுதப்படும் எபிரேயக் கையெழுத்து அஷ்கெனாசி வழி வந்தது. தம் பாட்டனார் எழுதிய மடலைப் படிக்க இயலாத பேரர்கள் செபார்தியருள் மிகப் பலர்.

மைமோனிடிசின் நூல்களோ அச்சேறியபின் வேறொரு முரணைச் சந்தித்தன. மிஷ்னே தோராவின் வழக்கமான பதிப்புகளில் அவருடைய மூலம் பக்கத்தின் நடுவே சதுர எழுத்தில் நிற்கிறது. சுற்றிலும் பிறர் உரைகள் ராஷி எழுத்தில் ஓடுகின்றன. திருமறைக்கு மட்டுமே என்று அவர் ஒதுக்கிவைத்த வடிவம் அவர் சொற்களுக்குச் சூட்டப்பட்டது. அவர் நாட்டு எழுத்து உரையாசிரியர்க்குப் போயிற்று.

சதுர எழுத்தின் பெருமைக்கு அவர் தந்த விளக்கம் மிஷ்னாவின் ஆறாம் பகுதியில், யாதாயிம் என்னும் பிரிவின் உரையில் உள்ளது. அதன் எழுத்துகள் ஒன்றையொன்று ஒத்திரா, ஒன்றோடொன்று ஒட்டா, ஆகவே அது மாறாது நிற்கும் என்று அங்கே கூறுகிறார். வயதையும் கப்பற்பயணத்தையும் குறிக்கும் நூலிறுதிக் குறிப்பும் அப்பகுதியின் முடிவிலேயே உள்ளது. அவருடைய தற்கைப்படியில் முதல் ஐந்து பகுதிகளே கிடைத்துள்ளன. ஆறாம் பகுதி பிறர் எடுத்த படிகளில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.